பேனல் தாளின் கடைசிக் கட்டம்

போன மாதம் பழைய பழக்கத்தில் லேப் பக்கம் வந்தேன். புதிதாகச் சேர்ந்த நீங்கள் நாலைந்து பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "சார், மாஸ்டர் பெர்ஃப்யூமர் ஆகணும்னா எத்தனை வருஷம் ஆகும்?" என்று கேட்டீர்கள். "சளி பிடிக்காம இருந்தா இருபது, பிடிச்சா இருபத்தஞ்சு" என்று ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுக் கிளம்பினேன். கிளம்பும்போது மேசைமேல் ஒரு கட்டு பேனல் தாள் கிடந்தது. சும்மா புரட்டினேன். நாம் செய்த வாசனையைப் பத்துப் பேரிடம் முகரக் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்கிறோமே, அந்தத் தாள்தான். எல்லாத் தாளிலும் மற்ற கட்டங்கள் ஒழுங்காக நிரம்பியிருந்தன. கடைசிக் கட்டத்தில் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு.

"வேறு ஏதாவது?" என்று அச்சடித்த கட்டம் அது. ஒருவரும் அதில் எதுவும் எழுதுவதில்லை என்று எனக்கு முன்பே தெரியும். நான் அங்கே இருந்தபோதும் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத் தாம்பரம் வீடு வந்து சேரும்வரை எனக்கு மனசு சரியில்லை. அந்தக் கட்டத்தைச் சேர்த்தவன் நான். எதற்காகச் சேர்த்தேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கும் இதில்தான் பதில் இருக்கிறது. எத்தனை வருஷத்தில் ஆனேன் என்பதைவிட, எதனால் ஆனேன் என்பதைச் சொல்கிறேன்.

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கம்பெனியில் எடை போடுகிறவனாகச் சேர்ந்தேன். நாலு வருஷம் தராசைத் தவிர எதையும் தொடவிடவில்லை. அப்புறம்தான் ஏணியில் ஏற்றினார்கள். முதலில் ஃபினாயில், பிறகு ஊதுபத்தி, பிறகு துணி சோப்பு, குளிக்கிற சோப்பு, தலைக்கு எண்ணெய். சட்டையில் அடித்துக்கொள்கிற சென்ட்டுக்குப் போவதற்குள் பாதித் தலை நரைத்துவிடும். நடுவில் பந்தா மட்டும் சீக்கிரமே வந்துவிட்டது எனக்கு. வீட்டில் வெங்காயம் வதக்கினால் கத்துவேன். பக்கத்து வீட்டில் சாம்பிராணி போட்டால் ஜன்னலைச் சாத்துவேன். "முதல்ல இவர் மூக்கு வீட்டுக்குள்ள வரும், அஞ்சு நிமிஷம் கழிச்சு இவர் வருவாரு" என்று என் மனைவி விருந்தாளிகளிடம் சொல்வாள்.

எங்கள் சீஃப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். வாசனையில் நனைத்த காகிதப் பட்டையை ஒரு தடவை மூக்கருகில் ஆட்டிவிட்டு, இன்ன பொருள் இத்தனை சொட்டு கூடிப்போச்சு என்று சொல்லிவிடுவார். நான் ஒரு தடவை பவுடர் கம்பெனிக்கான முழு டிரம்மையும் கெடுத்துவிட்டு, வேலை போயிற்று என்று நின்றபோது, அந்த டிரம்மிலேயே இன்னும் இரண்டு பொருளைச் சேர்த்து வேறு ஒரு சரக்காக்கி, "நீ ஒண்ணும் பண்ணல, போய் சாப்பிடு பாய்" என்றவர் அவர். அவரை நான் அப்பா ஸ்தானத்தில் வைத்திருந்தேன். பின்னால் வரப்போவதைப் படிக்கும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பெயர் வாங்கித் தந்தது நல்ல வாசனை இல்லை. நாற்றத்தை மறைக்கிற வேலை. பெயிண்ட், பசை, கொசு மருந்து, ரப்பர் இதிலெல்லாம் வருகிற நாற்றம் தெரியாமல் செய்ய வேண்டும். பலரும் என்ன செய்வார்களென்றால், அதைவிடக் கத்துகிற வாசனையை மேலே கொட்டுவார்கள். நான் அப்படிச் செய்யமாட்டேன். அந்த நாற்றத்தையே எடுத்து, அதற்கு இரண்டு பக்கமும் வேறு வாசனைகளைத் துணைக்கு ஆள் மாதிரி நிறுத்தி, அதுவும் ஒரு வாசனையின் பாகம் என்று மூக்கை நம்பவைத்துவிடுவேன். மூக்கு ஏமாந்துபோகும். எனக்கு அதில் ஒரு திருட்டு சந்தோஷம் இருந்தது.

நான் இரண்டாம் இடத்தில் இருந்த காலம். சீஃப் ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்தது. அவருக்கு அடுத்து நானா, மும்பையிலிருந்து ஒருவரைக் கூட்டிவருவார்களா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு செருப்பு யூனிட்காரர் வந்தார். தோல் பதனிடுகிற பழைய டேனரிகள் இருந்த பக்கத்தில் முப்பது பேர் வேலை செய்கிற சின்ன யூனிட். பின்பக்கம் புதிதாக அபார்ட்மென்ட் கட்டிக் குடிவந்தவர்கள், சொல்யூஷன் நாற்றம் தாங்கவில்லை என்று தினம் சண்டை. சொல்யூஷன் என்றால் செருப்பின் மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் ஒட்டுகிற பசை. எக்ஸாஸ்ட் ஃபேன் அந்த நாற்றத்தை நேராக அவர்கள் பால்கனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. "எப்படியாவது இந்த வாடைய எடுத்துக் குடுங்க பாய், இல்லன்னா யூனிட்ட இழுத்து மூட வேண்டியதுதான்" என்றார். பசையில் என்னென்ன இருக்கிறது என்கிற தாளையும் கொடுத்தார். பசையை இளக்குகிற ஹெக்சேன் என்று அதில் தெளிவாகவே இருந்தது. நான் அதைப் பார்த்து, இதற்கு எந்த வாசனை ஒத்துப்போகும் என்று மட்டும் யோசித்தேன்.

ஐந்து மாதம் ஆயிற்று. கடைசியில் வந்தது பாருங்கள், நான் வாழ்க்கையில் செய்ததிலேயே கெட்டிக்காரத்தனமான சரக்கு அதுதான். ஒரு டின்னுக்குக் கொஞ்சம் விட்டால் போதும். திறந்தால் லேசாகப் புதுத் துணி, கொஞ்சம் வெள்ளரிக்காய் நறுக்கின வாசனை. பசை இருக்கிற சுவடே தெரியாது.

பேனல் வைக்க யூனிட்டுக்கே போனேன். ஒட்டுகிற மேசையில் ஆறு பெண்கள். எல்லோர் விரலிலும் பசை. பேனா பிடிக்க முடியாது என்பதால் நான் கேட்டு நானே எழுதிக்கொண்டேன். அந்த ஆறு பேரில் ஸ்டெல்லா என்று ஒரு பெண். அஸ்தினாபுரத்திலிருந்து வருகிறவள். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும். புருஷன் இல்லை, ஸ்கூலுக்குப் போகிற ஒரு மகள். ஐந்து பேர் "நல்லா கீது சார்" என்று பொதுவாகச் சொன்னபோது, அவள் மட்டும் டின் அருகில் குனிந்து கண்ணை மூடி முகர்ந்துவிட்டு, "அடியில ஒரு ஓரமா வெள்ளரிக்கா வாசன வருது சார். அத்த நீங்களே போட்டீங்களா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் லேபில் இரண்டு பேருக்குத்தான் அது பிடிபட்டிருந்தது.

"நாத்தம் எவ்ளோ இருக்கு? பூஜ்யத்துலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லும்மா" என்றேன்.

"பூஜ்யம்தான் சார். சுத்தமா இல்ல." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா ஒண்ணு சார். நாத்தம் போச்சு, தலவலி போவல. முன்னெல்லாம் வாட தூக்குனா எந்திரிச்சு வெளிய போய்ட்டு வருவோம். இப்ப தெரியவே மாட்டேங்குது, உக்காந்தே கீறோம். சாயங்காலம் ஆனா மண்டைய பொளக்குது."

தாளில் மூன்று கட்டம்தான். நாற்றம் எவ்வளவு, வாசனை பிடித்ததா, எவ்வளவு நேரம் நிற்கிறது. தலைவலிக்குக் கட்டம் இல்லை. "வெயிலா இருக்கும்மா, தண்ணி நிறைய குடி" என்றேன். பூஜ்யம் என்று எழுதினேன். கையெழுத்துப் போட முடியாமல் அவள் விரலை வைத்தாள். பசையோடு ஒரு பழுப்பு ரேகை தாளில் ஒட்டிக்கொண்டது.

இந்த இடத்தில் எனக்கு என்மேல் வருகிற கோபத்தை எழுதிக் காட்ட முடியவில்லை. அவள் சொன்னதை நான் காதில் வாங்காமல் இல்லை. நன்றாகவே கேட்டேன். ஆனால் எனக்கு வேண்டியது பூஜ்யம். மும்பைக்காரர் வருவதற்குள் ஆறு பேரிடமிருந்து ஆறு பூஜ்யம்.

மூன்று மாதம் கழித்து சரக்கு எப்படிப் போகிறது என்று பார்க்கப் போனேன். யூனிட் அமைதியாக இருந்தது. என்னவோ குறைகிறதே என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். முதலாளி முகமெல்லாம் சிரிப்பு. "ஃபேனே போடறதில்ல பாய். வாடையே இல்லாதப்போ அது எதுக்கு, வெட்டியா கத்திகினு? பின்னாடி வீட்டுக்காரங்க சத்தத்துக்கும் சண்ட போட்டாங்க. நிறுத்தி, அந்த ஓட்டையையும் பலகை வச்சு அடைச்சிட்டேன்" என்றார். நான் அதை எனக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன். லேபுக்கு வந்து சீஃப்பிடம், "ஃபேனையே நிறுத்திட்டாங்க சார்" என்று பெருமையாகச் சொன்னேன். அவரும் தோளில் தட்டினார். கெமிஸ்ட்ரி படித்த இரண்டு பேர், பசையில் என்ன இருக்கிறது என்கிற தாளைக் கையில் வைத்திருந்தவர்கள், ஒருவருக்காவது உறைக்க வேண்டாமா? உறைக்கவில்லை. எங்களுக்கு நாற்றம் போனால் எல்லாம் போனதாக அர்த்தம்.

அதற்கு அடுத்த வருஷம். குரோம்பேட்டை ஸ்டேஷனில் மேம்பாலப் படி ஏறிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் காலைத் தூக்கி வைத்துப் போய்க்கொண்டிருந்தாள். வலது காலிலிருந்த செருப்பு கழன்று படியிலேயே நின்றுவிட்டது. அவள் பாட்டுக்கு வெறுங்காலோடு ஏறிப் போகிறாள். செருப்பு போனதே தெரியவில்லை. நான் எடுத்துக்கொண்டு ஓடி, "ஏம்மா, செருப்பு" என்றேன். திரும்பினாள். ஸ்டெல்லா.

"பின்னாடி யாரோ நம்ம சொல்யூஷன் வாசனையோட வராங்களேன்னு நெனச்சேன், நீங்கதானா சார்" என்று சிரித்தாள். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தாள். "காலு மரத்துப்போயிட்டு கீது சார். முள்ளு குத்துனாக்கூட தெரியல. வாதம்னு சொல்றாங்க, எண்ண தேச்சுகினு கீறேன். எங்க மேசையில இன்னும் ரெண்டு பொண்ணுங்களுக்குக் கை விரலு இப்படித்தான்." செருப்பை நான் கீழே வைத்தேன். கண்ணால் பார்த்துத்தான் அவளால் காலை அதற்குள் நுழைக்க முடிந்தது. ஒரு நாளைக்கு நூறு ஜோடி செருப்பு ஒட்டுகிறவள்.

எனக்கு அந்தப் படியிலேயே தெரிந்துவிட்டது. கல்லூரிப் புத்தகத்தில் ஹெக்சேனுக்குக் கீழே ஒரு வரி இருக்கும், நாள்பட முகர்ந்தால் நரம்பைக் கெடுக்கும் என்று. பரீட்சைக்குக்கூட அதைக் கேட்கமாட்டார்கள். ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் சீஃப்பிடம் சொன்னேன். கையிலிருந்த காகிதப் பட்டையைக் கீழே வைத்தார். பிறகு, "நாம வாசனை வித்தோம் பாய். ஃபேன் விக்கல" என்றார். "உன் புரமோஷன் லெட்டர் மேல கையெழுத்து ஆகிட்டு இருக்கு. அது கைக்கு வரட்டும். அப்புறம் பேசிக்கலாம்." நான் சரி என்றேன். அவர் மேல் பழி போட முடியாது. சரி என்றது நான்தான்.

எட்டாம் நாள் லெட்டர் வந்தது. சீஃப் பெர்ஃப்யூமர். லேபில் ஸ்வீட் கொடுத்தேன். வீட்டுக்கும் ஒரு டப்பா கொண்டுபோனேன். அப்புறமும் மூன்று நாள் ஸ்டெல்லாவைத் தேடிப் போகவில்லை. பதினோராம் நாள் சாப்பிடும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தட்டில் சோறு போடுவதை நிறுத்திவிட்டாள்.

"அந்தப் பொண்ணுங்க இந்தப் பதினோரு நாளும் வேலைக்குப் போனாங்களா?"

"போயிருப்பாங்க."

"லெட்டர்தான் வந்துடுச்சில்ல. இன்னும் எதுக்குங்க இங்க உக்காந்திருக்கீங்க?"

கை கழுவிவிட்டு அஸ்தினாபுரம் போனேன். மறுநாள் காலையில் ஸ்டெல்லாவை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். நரம்பு டாக்டர் சின்ன வயசுப் பெண். பசையின் தாளை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு ஸ்டெல்லாவைக் கோபமாகப் பார்த்தார். "இது பயங்கரமா நெடி அடிக்குமேம்மா. மூடின ரூம்ல எப்படிம்மா நாள் முழுக்க உக்காந்திருந்தீங்க? எழுந்து வெளிய போகணும்னுகூடவா தோணல?"

"நெடியே இல்ல மேடம்" என்றாள் ஸ்டெல்லா. பிறகு என்னைக் கைகாட்டினாள், மரியாதையாக. "சார்தான் அத்த எடுத்துக் குடுத்தாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எனக்குக் கேடயமும் சால்வையும் கொடுத்த எல்லா முகமும் மறந்துவிட்டது. அந்த டாக்டரின் முகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே ஸ்டெல்லா கேட்டாள்: "அன்னிக்கி தலவலின்னு சொன்னேனே சார், எழுதினீங்களா?"

"எழுதினேம்மா" என்றேன்.

"அப்ப மேல கீறவங்கதான் பாக்கல" என்றாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. தான் சொன்னது வீணாகவில்லை, யாரோ ஒருவன் மதித்து எழுதியிருக்கிறான் என்கிற நிம்மதி. அதைப் பார்த்த பிறகு பொய்யைத் திருப்பி எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்ததை வைத்து யூனிட்டில் பசையை மாற்ற வைத்தோம். பலகை எடுத்தார்கள், ஃபேன் ஓடியது. அந்த இரண்டு பெண்களுக்கும் எட்டு மாதத்தில் விரல் சரியாயிற்று. ஸ்டெல்லா, பலகை வைத்து அடைத்த அந்த ஃபேன் ஓட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தவள். வேலையை விட்ட பிறகும் சில மாதம் கால் மோசமாகிக்கொண்டே போயிற்று. பிறகு அங்கேயே நின்றுவிட்டது. தடி ஊன்றி நடந்தாள். வீட்டிலிருந்தே புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுத்தாள். நான் என்னால் ஆனதைச் செய்தேன். அது எவ்வளவு என்று இங்கே எழுதுவது அசிங்கம்.

அந்த மறைப்புச் சரக்கை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். பெயரை மாற்றிப் பெயிண்டுக்கும் தரை துடைக்கிற மருந்துக்கும் விற்றார்கள். அதில் சீஃப் பெர்ஃப்யூமராகக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். உங்கள் இரண்டாவது அலமாரியில் இன்னும் இருக்கிறது, வெள்ளரிக்காய் வாசனை அடிக்கும். என்னால் செய்ய முடிந்ததெல்லாம் பேனல் தாளில் ஒரு கட்டம் சேர்த்ததுதான். "வேறு ஏதாவது?" மேலே இருந்தவர்கள், எதற்கு பாய் இது என்று கேட்டார்கள். சும்மா இருக்கட்டும் என்றேன். அந்தச் "சும்மா"வால்தான் நீங்கள் எல்லோரும் அதில் கோடு போடுகிறீர்கள். காரணத்தைச் சொல்லியிருந்தால் போட்டிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

போன ஆடி மாதம் ஸ்டெல்லா போய்விட்டாள். அது வேறு நோய். சர்ச்சில் மகள் பிரின்சி என்னைத் தேடி வந்தாள். இப்போது அவள் பல்லாவரத்தில் ஒரு ஸ்கூலில் டீச்சர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா எல்லார்கிட்டயும் சொல்வாங்க அங்கிள். அந்தக் கம்பெனியிலயே எங்க அம்மா சொன்னத மதிச்சு எழுதின ஒரே ஆள் நீங்கதான்னு" என்றாள். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்து அன்பாகத் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பத்து நாள்தான் தாங்க முடிந்தது. பீரோவில் வைத்திருந்த ஸ்டெல்லாவின் பேனல் தாளை எடுத்துக்கொண்டு அஸ்தினாபுரம் போனேன். பிரின்சியிடம் கொடுத்தேன். அவள் முதலில் அந்தப் பழுப்பு ரேகையைத்தான் பார்த்தாள். அதன்மேல் தன் விரலை வைத்துக்கொண்டாள். பிறகு படித்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"தலவலின்னு எங்க அங்கிள் இருக்கு?"

"இல்லம்மா. நான் எழுதல."

அவள் தாளை என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம் அங்கிள்" என்றாள்.

சொல்லியிருக்கலாம். ஒன்பது வருஷம் இருந்தாள்.